முதல் பாகம் மட்டும் வாங்குங்கள்: பிள்ளைக்குத் தொடர் நூல் தேடும் கொழும்புப் பெற்றோருக்கு

புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த வருடம் அக்காவின் மகளுக்கு ஒரு பரிசு வாங்கினேன். ஹாரி பாட்டர் ஏழு பாகங்களும் அடங்கிய பெட்டி. கைப்பிடி வைத்து, பழைய காலத்து டிரங்குப் பெட்டி போலச் செய்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மூன்று மாடி ஏறியதில் தோள்மூட்டு இரண்டு நாள் வலித்தது. ஆறு மாதம் கழித்துப் போனால், பெட்டியின் மேல் இணைய ரவுட்டர் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே புத்தகங்களைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்கூடக் கிழிபடவில்லை.

"ஏன் பிள்ளை, பிடிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பிடிக்குமோ தெரியாது சித்தி. அவ்வளவையும் ஒன்றாகப் பார்க்கப் பயமாக இருக்கிறது."

பயம் நியாயமானதுதான். அதில் ஐந்தாம் பாகம் மட்டும் பிரித்தானியப் பதிப்பில் 766 பக்கம். பசிக்கிறதா என்று கேட்காமலே சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டுவந்து பிள்ளையின் முன் வைத்திருக்கிறேன். அன்றைக்கே முதல் பாகத்தை உருவி அவள் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ரவுட்டருக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் தொலைபேசி வந்தது: "சித்தி, இரண்டாவதை எப்போது கொண்டுவருவீர்கள்?"

தரம் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைக்குத் தொடர் நூல் வாங்கலாம் என்று நினைத்து, கடை வாசலில் நின்று திகைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து வந்து கொழும்பில் புதிதாகக் குடியேறியவர்களையும் மனத்தில் வைத்திருக்கிறேன். எந்தக் கதைப் புத்தகத்திலும் முதல் முப்பது பக்கம் கடினமானது. யார் யார், எந்த ஊர், யாருக்கும் யாருக்கும் பகை என்று பிள்ளை தலைக்குள் அடுக்க வேண்டும். தனிப் புத்தகங்களில் ஒவ்வொரு முறையும் இந்தப் பாடுதான். தொடரில் ஒருமுறை பட்டால் போதும். இரண்டாம் பாகத்துக்குள் பிள்ளை பெரியம்மா வீட்டுக்குள் நுழைவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போய்விடும். ஆகவே தொடர் சரியா பிழையா என்பதை முதல் பாகத்தை முடித்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாவதைக் கேட்கிறதா என்று பாருங்கள்.

கடைக்குப் போகும் முன்

"உனக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "தெரியாது" என்றுதான் பதில் வரும். தரம் 5 வரை பல பிள்ளைகள் கையில் வைத்திருந்தது கடந்தகால வினாத்தாள்களைத்தான். பந்தியை வாசித்தால் கீழே ஐந்து கேள்வி இருக்கும் என்பது அவர்களுடைய அனுபவம். அந்தக் களைப்பு தீர ஒரு தவணையாவது ஆகும்.

கேட்பதற்குப் பதிலாகக் கவனியுங்கள். தொலைக்காட்சியில் எதை மூன்றாம் முறையும் பார்க்கிறது? சாப்பாட்டு நேரத்தில் எந்தக் கதையைத் தம்பிக்கு விடாமல் சொல்கிறது? கிரிக்கெட் ஓட்டக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் பையனுக்கு மாயாஜாலக் கதை உடனே ஒட்டாது. துப்பறியும் கதை ஒட்டலாம், அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சண்டையை நடித்துக் காட்டும் பிள்ளைக்கு நகைச்சுவை நாட்குறிப்பு வகை பொருந்தும். பூனை, நாய் என்று திரியும் பிள்ளைக்கு விலங்குகளே பாத்திரங்களாக வரும் தொடர்கள் ஆங்கிலத்தில் ஏராளம்.

அடுத்தது மொழி. தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளை, அதே பாடசாலையில் சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை, சர்வதேசப் பாடசாலைப் பிள்ளை என்று ஒரே தொடர்மாடியில் மூன்று வகையும் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரு மொழியிலும் வாசிப்பு மட்டம் ஒன்றாக இராது. சர்வதேசப் பாடசாலையில் தரம் 8 படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் முந்நூறு பக்கத்தை விழுங்கும். தமிழில் தரம் 4 மட்டத்தில் தடுமாறும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வயதைப் பார்த்து இரண்டு மொழியிலும் ஒரே கனத்தில் புத்தகம் வாங்கினால் ஒன்று அலுமாரியில் தூங்கும். இரண்டையும் தனித்தனியாகத் தெரிவு செய்யுங்கள்.

ஐந்து விரல் சோதனை

கடையில் நின்றபடி செய்யக்கூடிய சோதனை இது. பிள்ளையும் கூட வர வேண்டும். புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து கொடுங்கள். முதல் பக்கம் வேண்டாம். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளர்களும் இழைத்துத்தான் வைத்திருப்பார்கள். பிள்ளை மனத்துக்குள் வாசிக்கட்டும். விளங்காத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஒன்றுகூட மடங்காவிட்டால் சுலபம். சுலபம் என்பது குற்றமில்லை. இரண்டு, மூன்று விரல் என்றால் நல்ல இடம்.

தமிழ்ப் புத்தகத்தில் இந்தச் சோதனைக்கு ஒரு திருத்தம் வேண்டும். சந்தையில் உள்ள பெரும்பாலான சிறுவர் நூல்கள் தமிழ்நாட்டில் அச்சானவை. அக்காவின் மகள் ஒருநாள் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். எந்தச் சொற்கள் என்று கேட்டேன். சாவி, பீரோ, நாற்காலி. திறப்பு, அலுமாரி, கதிரை என்று சொன்னதும் மூன்று விரலும் நிமிர்ந்துவிட்டன. இந்த வகைச் சொற்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

எழுத்தின் பருமனையும் பாருங்கள். பெரியவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை. வரிகள் நெருக்கமாக, தாள் மஞ்சளாக, பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரியும்படி அச்சிட்ட மலிவுப் பதிப்பால் கைவிடப்பட்ட நல்ல கதைகள் எத்தனையோ.

தொடரில் எத்தனை வகை

ஒரு வகையில் ஒவ்வொரு பாகமும் தனிக்கதை. எனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவ் அப்படிப்பட்டது. 1942இல் தொடங்கி 1963 வரை 21 புத்தகங்கள்; எதை எடுத்தும் தொடங்கலாம். கொழும்பில் பழைய புத்தகமாகச் சுலபமாகக் கிடைக்கும், ஒரு பாகம் இல்லையென்றாலும் குடி முழுகாது. குறை என்னவென்றால், பெண்பிள்ளைகள் பாத்திரம் கழுவுவதும் பையன்கள் வீரம் காட்டுவதுமாக, வெளியாரைச் சந்தேகத்துடன் பார்ப்பதாக, அந்தக் காலத்து மனப்பாங்கு அதில் படிந்திருக்கிறது. நான் தடுக்கமாட்டேன். "ஏன் எப்போதும் அவள்தான் கழுவ வேண்டும்?" என்று ஒருமுறை கேட்டு வைப்பேன், அவ்வளவுதான்.

டின்டின் சித்திரக்கதைகளும் ஏறத்தாழ இதே வகை; மொத்தம் 24, கடைசி ஒன்று முற்றுப்பெறாதது. ஆனால் சில கதைகள் இரண்டு புத்தகமாகப் போகும். சந்திரனுக்குப் போகும் கதை ஒரு சோடி, மூழ்கிய கப்பலின் புதையல் கதை ஒரு சோடி. ஒன்றை வாங்கி மற்றது கிடைக்காமல் பிள்ளை அந்தரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சோடியாக வாங்குங்கள். கொங்கோவுக்குப் போகும் கதையை மட்டும் விட்டுவிடலாம். ஆபிரிக்க மக்களை அதில் காட்டியிருக்கும் விதம் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியதல்ல.

இன்னொரு வகை, ஒரே கதை பல பாகமாக ஓடுவது. பெர்சி ஜாக்சன் தொடரின் முதல் ஐந்து பாகங்கள் 2005க்கும் 2009க்கும் இடையில் வந்தவை. வாசிப்பதில் சிரமமும் கவனக்குறைபாடும் கொண்ட தன் மகனுக்கு ஆசிரியர் ரிக் ரியோர்டன் சொன்ன கதையிலிருந்து பிறந்தது. கதாநாயகனுக்கும் அதே சிரமங்கள் உண்டு. எழுத்து கண்முன் துள்ளுகிறது என்று சொல்லும் பிள்ளைக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். கிரேக்கத் தெய்வங்கள் நியூயோர்க்கில் நடமாடும் கதை. கந்தபுராணப் படிப்பில் சூரன் சேவலும் மயிலுமாக மாறியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் புதுமையே இல்லை. இதே பாணியில், பாண்டவர்கள் இன்றைய சிறுமிகளாக மறுபிறவி எடுத்து வரும் ஆரு ஷா தொடர் 2018இல் தொடங்கியது, ஐந்து பாகம். மகாபாரதம் தெரிந்த வீட்டில் தாத்தாவும் பேத்தியும் வாதாட நல்ல சரக்கு.

இந்த வகையில் வரிசை முக்கியம். முதுகிலுள்ள எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. நார்னியா தொடரில் ஏழு புத்தகம். அலுமாரிக்குள் நுழைந்து பனி உலகத்துக்குப் போகும் கதைதான் 1950இல் முதலில் வெளிவந்தது. அந்த உலகம் உண்டான கதை 1955இல்தான் வெளிவந்தது. இன்றைய பதிப்புகளில் அதற்கு எண் 1 போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அலுமாரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் கதவைத் திறப்பதில் என்ன சுகம்?

கதாநாயகனோடு சேர்ந்து புத்தகமும் வளரும் தொடர்கள்தான் பெற்றோர் அதிகம் யோசிக்க வேண்டியவை. ஹாரி பாட்டர் முதல் பாகத்தில் பையனுக்கு 11 வயது, கடைசியில் 17. முதல் பாகம் 223 பக்கம், விளையாட்டும் சிரிப்பும். நான்காம் பாகத்திலிருந்து புத்தகம் தடிக்கிறது, சாவும் துரோகமும் வருகின்றன. தரம் 6 பிள்ளை டிசம்பர் விடுமுறை ஒன்றில் ஏழையும் முடித்துவிடும் வேகத்தில் இருந்தால், மூன்றாம் பாகத்துக்குப் பிறகு வேறொரு தொடரை இடையில் நுழைத்துவிடுங்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய போட்டியைக் கதையாகக் கொண்ட ஹங்கர் கேம்ஸ் வகையை நான் தரம் 8க்கு முன் கொடுப்பதில்லை. இது என் கணக்கு. உங்கள் பிள்ளையை நீங்கள்தான் அறிவீர்கள்.

படம் போட்ட நாட்குறிப்பு வகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2007இல் புத்தகமாக வரத் தொடங்கிய விம்பி கிட் தொடரைப் பார்த்துப் பல ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். நான் சுளிப்பதில்லை. புத்தகமே வேண்டாம் என்ற பையன் சிரித்துக்கொண்டே இருநூறு பக்கம் புரட்டுகிறான் என்றால் அதைப் பிடுங்கி அறநெறிக் கதை கொடுப்பது அநியாயம்.

தமிழில் என்ன உண்டு

உண்மையைச் சொன்னால், இந்த வயதுக்கான தமிழ்த் தொடர்கள் ஆங்கிலத்தோடு ஒப்பிட மிகக் குறைவு. சிறுபிள்ளைகளுக்குப் படக்கதை இருக்கிறது, பெரியவர்களுக்கு நாவல் இருக்கிறது, நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தைக் கடக்க நான் மூன்று பலகை போடுவேன்.

முதலாவது சித்திரக்கதை. சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, லயன் காமிக்ஸ் 1984இல். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒரு தலைமுறை இவற்றைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்திருக்கிறது. தமிழில் சரளம் அங்கேதான் வந்தது என்று சொல்பவர்கள் பலர். தமிழில் தடுமாறும் ஆங்கிலப் பிள்ளைக்கு லக்கி லூக் என்ற கௌபாய் சித்திரக்கதையில் தொடங்குங்கள். வசனம் சிறியது, விளங்காததைப் படம் விளக்கிவிடும்.

இரண்டாவது மொழிபெயர்ப்பு. சத்யஜித் ராய் வங்காளத்தில் எழுதிய ஃபெலுடா துப்பறியும் கதைகள் தமிழில் தனித்தனிச் சிறு நூல்களாக வந்திருக்கின்றன. துப்பறிபவரின் இளவயது உறவுப் பையன் கதையைச் சொல்கிறான், பிள்ளைக்கு அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு போகும் உணர்வு. ஒவ்வொன்றும் தனிக்கதை, புத்தகமும் மெல்லியது. தரம் 7க்கு இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. ஹாரி பாட்டரும் 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்று தமிழில் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஏற்கெனவே வாசித்த பிள்ளைக்குக் கதை தெரியும், ஆகவே மொழியில் மட்டும் முயன்றால் போதும்.

மூன்றாவது பொன்னியின் செல்வன். தரம் 8, 9க்கு முன் வேண்டாம். ஐந்து பாகம் என்றதும் மிரளத் தேவையில்லை. 1950இல் தொடங்கி வாராவாரம் கல்கி இதழில் வந்த கதை, ஒவ்வோர் அத்தியாயமும் சிறியது, முடிவில் ஒரு கொக்கி. நம் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சலுகை ஒன்று உண்டு: இரண்டாம் பாகமான சுழற்காற்றில் கதை இலங்கைக்கு வந்துவிடுகிறது. தம்புள்ளைக்கும் அநுராதபுரத்துக்கும் பாடசாலைச் சுற்றுலா போய்வந்த பிள்ளை, தான் நின்ற இடத்தில் வந்தியத்தேவன் நிற்பதைப் பார்க்கும். வாங்கும்போது கவனம்: கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. ஐந்தையும் ஒரே தடித்த புத்தகமாக, எறும்பு எழுத்தில் கட்டிய பதிப்பு மலிவாக இருக்கும். வேண்டாம். ஐந்து தனிப் பாகமாக உள்ளதில் முதலாவதை, புது வெள்ளத்தை மட்டும் கேளுங்கள். தனியாகத் தரமாட்டோம் என்று கடைக்காரர் சொன்னால் நூலகத்தில் எடுங்கள்; மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவும் இருக்கிறது.

எங்கே வாங்குவது, எங்கே இரவல் எடுப்பது

முதலில் நூலகம். கொழும்பு பொது நூலகம் விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகில் இருக்கிறது. மூன்று மொழி நூல்களும் சிறுவர் பகுதியும் உண்டு. பிள்ளையைச் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய், தட்டுகளுக்கு நடுவில் அரை மணி நேரம் தனியே விட்டுவிட்டு நீங்கள் பத்திரிகை பாருங்கள். வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடைதூரம்; 1942இல் தொடங்கிய சங்கம், தமிழ் நூல்களுக்கு நல்ல இடம். தொடரின் மூன்றாம், நான்காம் பாகம் நூலகத்தில் இருக்கிறதா என்று முதல் பாகத்தை வாங்குமுன்னரே பார்த்து வையுங்கள்.

தமிழ்ப் புத்தகம் வாங்க வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை, புறக்கோட்டை பீப்பிள்ஸ் பார்க்கில் சேமமடு. வெள்ளவத்தையிலிருந்து 100 அல்லது 101 பஸ் எடுத்தால் கோட்டை, புறக்கோட்டைப் பக்கம் இறங்கலாம். இந்தியாவிலிருந்து வரும் புத்தகத்தின் பின்னட்டையிலுள்ள விலை இந்திய ரூபாய். அதை ஓர் எண்ணால் பெருக்கித்தான் இங்கே விலை சொல்வார்கள். அந்த எண் கடைக்குக் கடை, காலத்துக்குக் காலம் மாறும். கையில் எடுத்ததும் "இது இலங்கைக் காசுக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். பிள்ளை புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்ட பிறகு விலை கேட்பது எல்லோருக்கும் சங்கடம்.

இறக்குமதிப் புத்தகத்தில் இன்னொரு தொல்லை, பாகங்கள் ஒழுங்காக வராது. ஒன்றும் இரண்டும் நான்கும் தட்டில் இருக்கும், மூன்று இராது. அப்போது மருதானைக்குப் போங்கள். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையோரப் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசலாம். பணம் கொடுக்குமுன் கடைசி அத்தியாயம் முழுமையாக இருக்கிறதா என்று புரட்டுங்கள். துப்பறியும் கதையொன்றை வாங்கி வந்தேன், கொலைகாரன் பெயர் வரவேண்டிய தாள் கிழிந்திருந்தது. இன்றுவரை யாரென்று தெரியாது.

செப்டெம்பரில் பௌத்தாலோக மாவத்தையிலுள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும். கழிவு கிடைக்கும், கூட்டமும் கிடைக்கும். முடிந்தால் வார நாளில் காலையில் போங்கள். எந்தத் தொடரில் எந்தப் பாகம் தேவை என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே எல்லாம் மறந்துவிடும். கழிவைப் பார்த்து முழுத் தொடரையும் தூக்கத் தோன்றும். என் பெட்டிக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் அத்தியாயத்தை நீங்கள் சத்தமாக வாசியுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கா என்று யோசிக்காதீர்கள்; தமிழ்ப் புத்தகத்துக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில், யாரோ கதவைத் தட்டும் இடத்தில், "அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்" என்று எழுந்து போய்விடுங்கள். புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

நாளுக்கு இத்தனை பக்கம் என்று சட்டம் போடாதீர்கள். முடித்ததும் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள்; அது வினாத்தாளின் மறுபிறவி. ஐம்பது பக்கம் கடந்தும் இழுபட்டால், "விடு, வேறொன்று பார்ப்போம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். முதல் பாகம் மட்டும்தானே வாங்கினீர்கள், நட்டம் பெரிதில்லை.

முதல் பாகம் முடிந்ததும் இரண்டாவதை உடனே கொண்டுவந்து நீட்டாதீர்கள். கேட்கட்டும். கேட்டால் அன்றைக்கே வாங்கியோ இரவல் எடுத்தோ கொடுங்கள், அதற்குமேல் இழுக்கக் கூடாது. கேட்காவிட்டால் அந்தத் தொடர் அங்கேயே நிற்கட்டும். அடுத்த வருடம் தானாகத் தேடி எடுத்த பிள்ளைகளும் உண்டு.

வாசித்து முடித்த பாகங்களைத் தொடர்மாடியிலேயே சுற்றுக்கு விடலாம். ஒரு நேரத்தில் ஒரு பாகம், அது திரும்பி வந்த பின் அடுத்தது. யாரிடம் எது போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அக்காவின் மகள் இப்போது தரம் 9. அவளுடைய கொப்பியைப் போன வாரம் பார்த்தேன். "இரண்டாம் பாகம், ஐந்தாம் மாடித் தம்பி. மூன்றாம் முறை கேட்டபின் கொடுத்தது" என்று எழுதியிருந்தாள்.